கன்னத்தைக் கடப்பது குறித்துச் சில சந்தேகங்கள்

மார்ச் 4

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல இருப்பவை:

1. உங்கள் கடிதம் கிடைத்தது.
2. பேத்தியைப் பார்க்க நான் இதுவரை வராததன் காரணம்.
3. நீங்கள் எழுதியிருக்கும் மலைப்பாதையைப் பற்றி ஒரு சந்தேகம்.
4. என் மகனைப் பற்றி ஒரு சந்தேகம்.
5. நான் வந்தால் உங்களுக்கெல்லாம் ஒரு பாரம் கூடுமே தவிர, யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தே தலை நரைத்தவன் நான். எண் போட்டுக்கொண்டால்தான் எனக்கு எழுத்து ஓடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடிதம் கிடைத்தது. உறையின் ஓரம் இரண்டாவது முறை ஒட்டப்பட்டதுபோல் இருந்தது. எழுதி ஒட்டிய பிறகு மறுபடி பிரித்து எதையோ எடுத்துவிட்டீர்களோ என்று தோன்றியது. என் சந்தேக புத்தியாகவும் இருக்கலாம்.

நான் வராததற்குக் காரணம் முழங்கால். மேடு ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது. என் மகன் வேலை பார்க்கும் வானிலை நிலையத்துக்கு வரும் வழியில், கன்னம் என்று நீங்கள் எல்லோரும் சொல்கிற இடத்தில், "இரண்டு மாடு எதிரெதிரே போகலாம், அவ்வளவு அகலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மலையின் வரைபடத்தை வரைந்தவன் நான். நேரில் பார்த்ததில்லை, மேசையில் வைத்து வரைந்தேன். சரிவு செங்குத்தாக ஆக, உயரத்தைக் காட்டும் கோடுகள் நெருங்கிக்கொண்டே போகும். கன்னத்தில் பேனா முனை நுழையவும் இடமில்லாமல் மூன்று கோடுகளை ஒன்றாக்க வேண்டியிருந்தது. அங்கே இரண்டு மாடு என்றால், அவை என்ன மாடு?

நான்காவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. மழைக்காலத்திலிருந்தே என் மகன் கைப்பட ஒரு வரி வரவில்லை. மருமகள் கடிதத்தின் கடைசியில் "அவரும் நலம்" என்று மட்டும் இருக்கிறது. குழந்தையோடு அவன் இருக்கும் மூன்று புகைப்படங்கள் அனுப்பியிருந்தீர்கள். மூன்றிலும் ஒரே நாற்காலி, மடியில் ஒரே போர்வை. நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. இடமாற்றம் ஜனவரியில் என்று அவனே சொல்லியிருந்தான். இப்போது மார்ச். தவறாக எடுத்துக்கொள்ளாமல் பதில் எழுதுங்கள்: அவனுக்கு இரண்டு காலும் இருக்கின்றனவா?

ஐந்தாவதை மேலே எழுதியதே போதும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


மார்ச் 13

சம்பந்திக்கு வணக்கம்.

எனக்கு எண் போட்டு எழுத வராது. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தபோது ஆட்களையே படுக்கை எண்ணால் கூப்பிட்டு அலுத்துவிட்டது.

மாப்பிள்ளைக்கு இரண்டு காலும் இருக்கின்றன. நேற்றுதான் அவற்றின் காலுறைகளைத் துவைத்துப் போட்டேன். ஜோடியாகத்தான் காய்கின்றன. இங்கே குளிர், அதனால் போர்வை. வீட்டில் இருப்பது ஒரே நாற்காலி, அதனால் அதே நாற்காலி.

இனி உங்கள் முழங்காலுக்கு வருவோம். குழந்தை பிறந்தபோது பல் பிடுங்கினீர்கள். மூன்றாம் மாதம் வீட்டுக்கு வெள்ளை அடித்தீர்கள். ஆறாம் மாதம் பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போனதால் அவர் பூனைக்குப் பால் ஊற்ற வேண்டியிருந்தது. இப்போது முழங்கால். எந்த முழங்கால் என்று எழுதவில்லையே. நோய் சொல்ல வருகிறவர் இடதா வலதா என்று முதலில் சொல்வார். சொல்லாதவருக்கு விடுப்புச் சான்றிதழ்தான் வேண்டும் என்று வார்டில் எங்களுக்குத் தெரியும்.

ஒன்று கேட்கிறேன், நேராகச் சொல்லுங்கள். என் மகளை உங்களுக்குப் பிடிக்கவில்லை, அதுதானே? அவர்களாகப் பேசி முடித்த கல்யாணம், உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கும்தான் இருந்தது. ஆனால் நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்துவிட்டேன். போன வாரம் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "விடும்மா. மாமாவுக்கு நான்தான் ஆகல. பூனைக்குப் பால் ஊத்தறாராம். இவளும்தான் பால் குடிக்கிறா."

உங்கள் பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் அவளை மேலதிகாரி என்று கூப்பிடுகிறோம். எதற்குக் கத்துகிறாள் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் எழுந்து ஓடுகிறோம்.

பாதை விஷயம். இரண்டு மாடு கொஞ்சம் அதிகம்தான். ஒரு மாடு. மெலிந்த மாடு.

சம்பந்தி


மார்ச் 22

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதலில் உங்கள் குற்றச்சாட்டு. மருமகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் எழுதும் கடிதங்களை, "அவரும் நலம்" என்ற வரி உட்பட, அலமாரியில் தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். இதை அவளிடம் சொல்லுங்கள்.

அடுத்து வருவதை யாரிடமும் சொல்லாதீர்கள். முக்கியமாக என் மகனிடம்.

எனக்கு உயரம் ஆகாது. பிடிக்காது என்று சொல்லவில்லை, ஆகாது. நாற்காலிமேல் ஏறி நின்றால் உள்ளங்கால் கூசும், காது அடைக்கும், யாரோ பின்கழுத்தைப் பிடித்து முன்னால் தள்ளுவதுபோல் இருக்கும். என் மனைவி இருந்தவரை பல்பு மாற்றுவது அவள் வேலை. இப்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்து மாற்றுகிறார். அதனால்தான் அவர் பூனைக்குப் பால் ஊற்றுகிறேன், பூனை பொய்யில்லை. அலுவலகம் மூன்றாம் மாடியில் இருந்தது. ஜன்னலோர மேசை வெளிச்சமானது, அனுபவசாலிக்கு என்று ஒதுக்கினார்கள். கண் கூசும் என்று சொல்லி மறுத்துவிட்டு, சுவரோரம் விளக்கைப் போட்டுக்கொண்டு மலைமலையாக வரைந்தேன். மலையைப் படுக்கவைத்து வரைவதில் ஓர் ஆபத்தும் இல்லை.

என் மகனுக்கு இது தெரியாது. அப்பா சோம்பேறி, எதற்கெடுத்தாலும் கணக்குப் போடுகிறவர் என்றுதான் நினைக்கிறான். வானிலை நிலையத்துக்குப் புறப்பட்ட அன்று, "நீங்க வரைஞ்ச மலைல நான் போய் நிக்கப் போறேன்" என்றான். பெருமையாகச் சொன்னானா, குத்திக் காட்டினானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இனி என் கேள்வி. மாடு, நாற்காலி, காலுறை, எல்லாவற்றுக்கும் பதில் எழுதினீர்கள். இடமாற்றம் என்ன ஆயிற்று என்பதற்கு மட்டும் எழுதவில்லை. பல கோடுகள் உள்ள வரைபடத்தில் ஓர் இடம் வெறுமையாக இருந்தால், அங்கே சமவெளி இருக்கலாம், அல்லது அளக்கப் போனவன் அங்கே போகாமலே திரும்பியிருக்கலாம். நீங்கள் எதையோ சுற்றிக்கொண்டு போகிறீர்கள். அவன் ஏன் இன்னும் இறங்கவில்லை? வேலையில் தப்பு செய்துவிட்டானா? நீங்களும் மருமகளும் சேர்ந்து மறைப்பது அவன் சொல்லியா?

மடியில் கனம் இல்லையென்றால் வழியில் பயமில்லை என்பார்கள். உங்கள் மடியில் ஏதோ இருக்கிறது.

சம்பந்தி


ஏப்ரல் 2

சம்பந்திக்கு,

இருக்கிறது. முதல் கடிதத்தில் எழுதி, ஒட்டி, மறுபடி பிரித்து அந்தத் தாளை எடுத்துவிட்டேன். உங்கள் கண் பொல்லாத கண்.

மழைக்காலத்தில் மாப்பிள்ளை சம்பளப் பட்டுவாடாவுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தார். முன்னால் தபாலும் சாமானும் கொண்டுவருகிறவரின் கோவேறு கழுதை. அந்த ஆளுக்கு இங்கே அவசரம் என்று பெயர், ஏனென்றால் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. கன்னத்தில் பாதி போயிருக்கிறார்கள். மேலிருந்து கல் சரிந்தது. கழுதை மூட்டையோடு போய்விட்டது. சத்தம்கூட வெகுநேரம் கழித்துத்தான் கேட்டதாம். மாப்பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவசரம்தான் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தார்.

அன்றிலிருந்து கன்னத்தின் மேல்முனையில் இருக்கும் வெள்ளைக் கல்லைத் தாண்டி அவர் கால் வைத்ததில்லை. ஜனவரியில் இடமாற்ற உத்தரவு வந்தது. இரண்டு முறை மூட்டை கட்டினோம். இரண்டு முறையும் வெள்ளைக் கல் வரை வந்தார். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது, திரும்பிவிட்டார். "நாளைக்குப் போலாம்" என்றார். புதிய அலுவலர் வந்து எங்களோடு அதே வீட்டில் இருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் அவரும் எத்தனை நாள் சமையலறையில் படுப்பார்? இந்த மாதக் கடைசிக்குள் கீழே வந்து பொறுப்பேற்காவிட்டால் வேலை இல்லை என்று தலைமை அலுவலகம் எழுதிவிட்டது. மகள் நேற்று முதல்முறையாகச் சொன்னாள்: "அவர் வரலன்னா, குழந்தையத் தூக்கிட்டு நான் இறங்கிடுவேம்மா. எத்தன நாள் இப்படி?" அவள் சும்மா சொல்கிறவள் இல்லை.

உங்களுக்குச் சொல்லலாமே என்றேன். மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டார். "அப்பாவுக்கு மட்டும் வேண்டாம் அத்தை. அவர் திட்ட மாட்டார். கணக்குப் போடுவார். இத்தன பேர் தினம் போற பாதை, இத்தன வருஷத்துல ஒரு கழுதைதான் விழுந்திருக்குன்னு எழுதுவார். அதை நானே போட்டுப் பார்த்துட்டேன்."

தகப்பன் வந்து நாலு வார்த்தை பேசினால் மனம் மாறுமே என்றுதான் உங்களைக் கூப்பிட்டேன். உங்கள் மார்ச் 22 கடிதம் வந்த பிறகு வேறு மாதிரி நினைக்கிறேன். நீங்கள் தைரியம் சொல்ல வேண்டாம். உங்களிடம் அது இல்லை என்று தெரிந்துவிட்டது. வந்து சேருங்கள், போதும்.

நீங்கள் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சம்பந்தி


ஏப்ரல் 17, மதியம்
கன்னத்துக்குக் கீழ்ப்பக்கத் தகரக் கொட்டகை

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா,

வந்துவிட்டேன். அதாவது, இதுவரை வந்துவிட்டேன். இதை அவசரத்திடம் கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் இருக்கும் வீட்டின் கூரை இங்கிருந்து தெரிகிறது. துணி காய்கிறது. சத்தமாகக் கூப்பிட்டால் கேட்டுவிடும் தூரம். ஆனால் கூப்பிடுவதாக இல்லை.

அடிவாரத்திலிருந்து இதுவரை பாதை காட்டுக்குள் வருகிறது. இருபுறமும் மரம் இருந்ததால் மலையேறுகிறோம் என்பதை மறந்து நடக்க முடிந்தது. கொட்டகையைத் தாண்டியதும் மரம் நின்றுவிட்டது. என் குடையைக் கிடத்தி அகலத்தை அளந்தேன். உங்கள் மெலிந்த மாடு பட்டினியால் செத்துப்போன மாடாக இருந்தாலொழிய இங்கே நடந்திருக்காது. பாறைச் சுவரில் ஒரு சங்கிலி அடித்திருக்கிறார்கள். மறுபக்கம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதை நான் இவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை.

சில சந்தேகங்கள். நான் வருவது அவனுக்குத் தெரியுமா? அவசரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பை அடக்குவதுபோல் தெரிகிறது. அவரிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்? "ஐயா, எத்தனையோ பேரக் கூட்டிப் போயிருக்கேன், யாரையும் தவறவிட்டதில்ல" என்கிறார். கழுதையைப் பற்றி ஞாபகப்படுத்தினேன். "அது கூட்டிப் போனதில்லைங்க, தானா போனது" என்கிறார்.

என்னால் இதைக் கடக்க முடியாது. பேத்தியை மறுமுனைக்குத் தூக்கிவந்து காட்டினால், பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். பாரம் என்று முன்பே எழுதியிருந்தேன். நீங்கள்தான் கேட்கவில்லை.

சம்பந்தி


ஏப்ரல் 17, மாலை

சம்பந்திக்கு,

குழந்தையைக் காட்ட மாட்டேன். அவள் ஒன்றும் கண்காட்சிப் பொருள் இல்லை.

நீங்கள் வந்திருப்பது மாப்பிள்ளைக்குத் தெரியாது, மகளுக்கும் தெரியாது. காலையில் காற்று இருக்காது. அவசரம் உங்கள் முன்னால் வருவார். நடக்க முடியாவிட்டால் உட்கார்ந்தே நகருங்கள். வார்டில் எவ்வளவு பெரிய மனிதர்கள் உட்கார்ந்தபடி நகர்ந்து போனதைப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? யாரும் வேடிக்கை பார்க்கப் போவதில்லை.

இரண்டு போர்வை அனுப்பியிருக்கிறேன். கொட்டகையில் குளிரும்.

சம்பந்தி


ஏப்ரல் 20
அடிவார விடுதி

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா,

மிச்சச் சாமான்களைக் கட்டிக்கொண்டு நீங்கள் வியாழக்கிழமைதான் இறங்குவீர்கள் என்று மருமகள் சொன்னாள். அன்று மூட்டை எடுக்க அவள் திரும்ப மேலே வந்தபோது நடந்ததை அவள் வாயால் கேட்டிருப்பீர்கள். அவள் பாதியைத்தான் பார்த்தாள். மீதியை நான் எழுதுகிறேன். என் சந்தேகத்தையும் எழுதுகிறேன்.

பதினெட்டாம் தேதி காலை நீங்கள் சொன்னபடி உட்கார்ந்தே நகர்ந்தேன். ஒரு கை சங்கிலியில், முகம் பாறைப் பக்கம். அவசரம் முன்னால் நின்று, "அப்படித்தான், அப்படித்தான்" என்று கன்றுக்குட்டியை ஓட்டுவதுபோல் சொல்லிக்கொண்டே போனார். பாதி வரை வந்தேன். அங்கே கல் சரிந்த இடத்தில் சங்கிலி கொஞ்ச தூரம் இல்லை. என் கை அதைத் தேடியது, கிடைக்கவில்லை. அவ்வளவுதான், உடம்பு பூட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. "ஐயா, ஆள் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவசரம் ஓடினார். ஓடினார் என்றுதான் எழுதுகிறேன். இந்த மனிதருக்கு ஓடத் தெரியும்.

கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அவர் போய் இரண்டு மூச்சு விட்டிருப்பேன், "அப்பா?" என்று கேட்டது.

வெள்ளைக் கல்லருகில் நின்றிருந்தான். இளைத்திருந்தான். தாடி வைத்திருந்தான்.

"வராத. அங்கேயே நில்லு" என்றேன்.

"ஏன் உக்காந்திருக்கீங்க? முழங்காலா?"

"முழங்கால் இல்ல. முழங்கால் பொய்."

பாறையில் ஒட்டிக்கிடந்த என் கையைப் பார்த்தான். பிறகு, "எப்போலேருந்துப்பா?" என்று கேட்டான்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாலேருந்து."

"அப்போ மாடில துணி காயப்போட என்னையே அனுப்பினது…"

"ஆமா."

"சோம்பேறின்னு சொல்லி எத்தன தடவ சண்ட போட்டிருக்கேன். நீங்க ஒரு வார்த்த சொல்லல."

"சோம்பேறிங்கற பேரு எவ்வளவோ மேல்டா. அதுக்கு வெளில சிரிக்க மாட்டாங்க."

அதற்குள் என் குடை நழுவியது. அது போவதை நான் பார்க்கவில்லை, அவன் முகத்தில் பார்த்தேன். அந்த முகம் கழுதை போனதைப் பார்த்த அன்று எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. அவன் திரும்பி வீட்டுக்கு ஓடிவிடுவான் என்றே நினைத்தேன். ஓடியிருந்தால் அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் வந்திருக்காது. அவன் உட்கார்ந்தான். என்னைப் போலவே, பாறையில் தோளை உரசிக்கொண்டு, ஒவ்வொரு முழமாக நகர்ந்து வந்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. என் எதிரில் வந்ததும் இரண்டு பேரும் கைகளைப் பிடித்துக்கொண்டோம்.

"மேலயா, கீழயா?" என்றான்.

"திரும்ப முடியாதுடா. எனக்கு முதுகு கீழ்ப்பக்கம்."

"அப்போ பின்னாலயே நகருங்க. நான் உங்கள அந்தக் கொட்டகைல விட்டுட்டுத் திரும்பிடுவேன். நான் எறங்கப் போறதில்ல, சொல்லிட்டேன்."

"சரி. நானும் கேக்கல."

"வெளிப்பக்கம் பாக்காதீங்க. என் சட்டப் பொத்தானப் பாருங்க."

"எந்தப் பொத்தான்?"

"அப்பா!"

நான் பின்னோக்கி நகர, அவன் முன்னோக்கி நகர்ந்தான். அவன் பொத்தானை நான் பார்த்தேன், என் மூக்குக்கண்ணாடியை அவன் பார்த்தான். மூன்றாவது பொத்தான் வேறு நிற நூலில் தைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கைவேலையாக இருக்கும். நடுவில் ஒருமுறை, "கணக்குப் போடுங்கப்பா, எதையாவது போடுங்க" என்றான். வாய்ப்பாடு சொன்னேன். ஏழாம் வாய்ப்பாட்டில் தப்பு விட்டேன். அவன் திருத்தினான்.

என் முதுகு கொட்டகைத் தகரத்தில் இடித்தபோதுதான் முடிந்தது என்று தெரிந்தது. அவன் எழுந்து நின்றான், சுற்றிலும் மரத்தைப் பார்த்தான், வந்த வழியைப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது. "திரும்பிப் போகணும்னா மறுபடி அதுமேலதான போகணும்?" என்றான். "ஆமா" என்றேன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து அவனுக்குச் சிரிப்பு வந்தது. எது அவனை இத்தனை மாதம் மேலே வைத்திருந்ததோ, அதுவேதான் இப்போது அவனைக் கீழே வைத்திருக்கிறது. இதில் வீரம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். தலைமை அலுவலகத்துக்குத் தெரிய வேண்டியதில்லை.

பிறகு மருமகள், குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, கடைத்தெருவில் நடப்பதுபோல் அந்தப் பாதையில் நடந்து வந்தாள். என் பக்கத்தில் வந்து நின்றாள். "மாமா, திட்டு ஒண்ணு வச்சிருக்கேன், நன்றி ஒண்ணு வச்சிருக்கேன். எது முதல்ல?" என்றாள். திட்டு என்றேன். பூனையில் தொடங்கி நன்றாகவே திட்டினாள். மேலதிகாரி என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு எதற்கோ கத்தினாள். நானும் எழுந்து ஓடினேன்.

இப்போது சந்தேகம். அவசரம் போய்ச் சேர்வதற்குள் என் மகன் எப்படி வெள்ளைக் கல்லுக்கு வந்தான்? நேற்று அவனிடம் கேட்டேன். காலையில் நீங்கள் எழுப்பி, "கீழேருந்து ஒரு பொட்டலம் வருது மாப்பிள்ள, கல்லுகிட்ட நின்னு வாங்கிக்குங்க" என்று அனுப்பினீர்களாம். காலணியைக் கட்டிக்கொண்டு போகச் சொன்னீர்களாம். சங்கிலி அறுந்திருக்கும் இடம் உங்களுக்கு முன்பே தெரியும். அங்கே நான் மாட்டிக்கொள்வேன் என்பதும் தெரிந்திருக்கிறது. அவசரத்தை ஓடச் சொன்னதும் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். என் ரகசியத்தை யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதினீர்கள். அது உண்மைதான், ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் என்னைக் கலவரப்படுத்துகிறது. அவன் வராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். பதில் வந்தால் அதையும் சந்தேகிப்பேன்.

நாளை மறுநாள் அவன் கீழ் அலுவலகத்தில் பொறுப்பேற்கிறான். வீடு தரைத்தளத்தில் பார்த்திருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. என் மார்ச் 4 கடிதத்தின் ஐந்து செய்திகளையும் சரிபார்த்தேன். இரண்டாவது பொய், அதை முன்பே ஒப்புக்கொண்டுவிட்டேன். மூன்றும் நான்கும் நியாயமான சந்தேகங்கள், அவற்றைத் திரும்பப் பெறுவதாக இல்லை. ஐந்தாவதில் நான் ஒரு பாரம் என்று எழுதியிருந்தேன். அது சரிதான், பாதி வழியில் கிடந்தேன், தூக்க ஆள் வேண்டியிருந்தது. அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்று சேர்த்து எழுதியிருந்தேன். அது தவறு.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி